வைத்தியசாலை வருமானத்தில் இசை வளர்த்தவர்

(வானொலிச் சிந்தனை உரை)



தஞ்சைத் தரணியில் இசை என்றதும் திருவையாறும் தியாகராசரும் நம் நினைவுக்கு வருவார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து கீர்த்தனைகள் பாடிய நம் கத்தோலிக்கப் பெரியவர் வேதநாயகம் பிள்ளையையும் பலர் அறிவீர்கள். அதே மண்ணில் வாழ்ந்த இன்னொருவரை இன்று நினைப்போம். அவர் ஆபிரகாம் பண்டிதர். சகோதர சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். வைத்தியர், ஆசிரியர், கீர்த்தனை இயற்றியவர், இசை ஆராய்ச்சியாளர்.

தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டு பிறந்தார். இசைப் பரம்பரையில் வந்தவர் அல்லர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் இசை கற்றார். சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் சித்த மருத்துவம் அறிந்தார். பிறகு மனைவி ஞானவடிவு பொன்னம்மாளுடன் தஞ்சாவூருக்கு வந்தார். இருவரும் ஒரே பெண்கள் பள்ளியில் ஆசிரியர்களாகப் பணியாற்றினார்கள். 1890-இல் அந்த வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். தம் குருவின் நினைவாகக் கருணானந்தபுரம் என்ற மூலிகைத் தோட்டத்தை உண்டாக்கினார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். மருந்துகள் நன்றாக விற்றன, செல்வம் சேர்ந்தது.

செல்வம் சேர்ந்தவர் நிலம் வாங்கலாம், வட்டிக்கு விடலாம். இவர் இசைக்காகச் செலவழித்தார்.

அக்காலத்தில் இசை படிக்க வந்த தமிழ்ப் பிள்ளைக்குப் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்த பாட்டுகளே கிடைத்தன. பொருள் தெரியாமல் பாடவேண்டிய நிலை. மாணவர்கள் தங்கள் தாய்மொழியில் பாடிப் பயிலும்படி பண்டிதர் தாமே தமிழில் பாட்டுகள் இயற்றி, ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்ற நூலை 1907-இல் வெளியிட்டார்.

அடுத்து அவரை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. கீழ் ‘ச’ முதல் மேல் ‘ச’ வரை எத்தனை சுருதிகள்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 22 என்கிறது. பண்டிதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாம் பாடும் சுரங்களோடு அந்த 22 பொருந்தவில்லை என்று கண்டார். ‘ச’வுக்குப் ‘ப’ எப்படியோ, அந்த அளவிலேயே மேலும் மேலும் ஏறிச் சென்றால் 12 சுரங்களும் கிடைத்து, பன்னிரண்டாம் அடியில் ‘ச’ திரும்பி வரும் என்பது அவர் கொண்ட முறை. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பகுத்தால் 24.

இதற்குச் சான்றை அவர் தமிழிலேயே தேடினார். உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அச்சில் கொண்டுவந்திருந்தார். அதன் அரங்கேற்று காதை மாதவிக்குக் கற்பித்த இசையாசிரியனும் யாழாசிரியனும் எப்படிப்பட்டவர்களாக இருக்கவேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. அந்த நூலிலும் அதன் பழைய உரையிலும் வரும் ஆயப்பாலை, வட்டப்பாலை ஆகியவற்றை அவர் ஆராய்ந்தார். கருநாடக இசை என்று வழங்குவது பழந்தமிழ்ப் பண்களிலிருந்து வந்ததே என்ற முடிவுக்கு வந்தார்.

தம் முடிவைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். 1914-க்குள் ஆறு மாநாடுகள் கூட்டி, வித்துவான்களை அழைத்து விவாதிக்கச் செய்தார். செலவு அவருடையது. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கும் போனார். பெண்கள் சபையில் பாடுவதைப் பலர் விரும்பாத காலம் அது. மகள் மரகதவல்லி உள்ளிட்ட தம் குடும்பப் பெண்களையே அங்கே பாடச் செய்து தம் கருத்தை விளக்கினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919 ஆகஸ்டு 31 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அவருடைய 24 சுருதிக் கணக்கை எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் விவாதம் உண்டு. ஆனால் அவர் திறந்த வழி மூடவில்லை. ஈழத்து விபுலானந்த அடிகளும் சிலப்பதிகாரத்தின் இசைப் பகுதிகளை ஆராய்ந்து எழுதினார். அந்த ‘யாழ் நூல்’ 1947-இல் இதே காவிரி நாட்டில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அதற்கு முந்திய ஆண்டு கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகம் அச்சாகியிருந்தது. வெளியிட்டவர் யார் தெரியுமா? பரோடாவில் பாடிய மகள் மரகதவல்லிதான். தகப்பனார் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து! புத்தகத்தை மட்டும் விட்டுச் சென்றிருந்தால் அது கரையான் தின்னும். கற்பித்துவிட்டுச் சென்றதால் பிழைத்தது.

அன்புக்குரியவர்களே, தாலந்து உவமையில் மண்ணைத் தோண்டிப் புதைத்தவன் திருடியவன் அல்லன், பத்திரமாகத்தான் வைத்திருந்தான். ஆனாலும் ஆண்டவர் அவனைக் கண்டிக்கிறார். பெற்ற கொடை பிறருக்குப் போய்ச் சேராவிட்டால் அது புதைத்ததற்குச் சமம்.

நம் பங்கை நினைத்துப் பாருங்கள். பொத்தானைத் தட்டினால் கீபோர்டு தாளம் போடுகிறது. கைபேசியில் பாட்டு கிடைக்கிறது. ஆனால் பாடத் தெரிந்த பெரியவர்கள் ஓய்ந்த பிறகு திருப்பலியில் யார் பாடுவார்கள்? அதிராம்பட்டினத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நல்ல குரலும் கூர்மையான செவியும் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். இசை வகுப்புக்குக் கட்டணம் கட்ட எல்லா வீட்டிலும் வசதி இல்லை. வசதி உள்ளவர்கள் ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்கலாம். பாடத் தெரிந்தவர்கள் ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து கற்பிக்கலாம். நம் பாட்டி பாடிய பழைய பாட்டை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம்.

பண்டிதர் கேட்டது ‘இது எனக்கு என்ன தரும்’ என்றல்ல, ‘இதை யாருக்குத் தருவேன்’ என்றுதான். இந்த வாரம் நாமும் அதைக் கேட்போம். இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.