திறந்து கிடந்த பதிவேடு

ஆஸ்திரேலியாவில் 1990களில், பாலிசிதாரர்களுக்கே உடைமையாயிருந்த காப்பீட்டுச் சங்கங்கள் பங்கு நிறுவனங்களாக உருமாறியபோது, பங்குச்சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத லட்சக்கணக்கானோர் திடீரெனப் பங்குதாரர்களாயினர்; 1998இல் சந்தைக்கு வந்த ஏஎம்பி இதற்குப் பெரிய சான்று. 2000இல் பிஎச்பி, ஒன்ஸ்டீல் என்னும் எஃகு நிறுவனத்தைத் தனியே பிரித்து, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்கே பகிர்ந்தளித்தது. கேளாமல் கைக்கு வந்த பங்கின் விலையை நாளும் கவனிப்பவர் சிலரே.

இவர்களுக்குக் கடிதம் எழுதிச் சந்தை விலைக்கும் கீழே பங்கு வாங்கும் தொழில், சட்டம் திறந்து வைத்திருந்த ஓர் ஏட்டை நம்பியே நடந்தது. பங்குடையோரின் பெயர், முகவரி, பங்கு எண்ணிக்கை ஆகியவை அடங்கிய பங்குதாரர் பதிவேட்டை எவரும் கட்டணம் செலுத்திப் படியெடுக்கலாம் என்னும் விதி, நிறுவனம் யார் கையில் இருக்கிறது என்பது மறைந்துவிடலாகாது என்பதற்காக ஏற்பட்டது. வணிகர்களுக்கோ அது ஆயத்தமான முகவரிப் பட்டியலாயிற்று. வாக்குரிமையில் 20 விழுக்காட்டைத் தாண்டும்போதே கையகப்படுத்தல் விதிகள் குறுக்கிடும் என்பதால், சில்லறையாக வாங்கியவரை அவை தீண்டவில்லை.

ஒன்ஸ்டீல் பங்குதாரர்களுக்கு வந்த கடிதம் இத்தொழிலின் உச்சம் எனலாம். பங்கின் மதிப்பு 1.93 டாலர் என்று நேர்மையாகவே குறிப்பிட்ட அக்கடிதம், 2 டாலர் தருவதாகக் கூறியது. ஆனால் அத்தொகை 15 ஆண்டுத் தவணைகளில், அதாவது ஆண்டுக்குப் பதின்மூன்று சென்ட் சொச்சமாகக் கிடைக்கும். நிபந்தனை கடிதத்திலேயே இருந்தபோதிலும், அக்கடிதம் ஏமாற்றக்கூடியதே என்று முதல் நீதிமன்றம் கண்டது; மேலோட்டமாகப் படிப்பவர் ஏமாறக்கூடும் என்று 2004இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு ஆயமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. முதியோர் குடியிருப்புகள் நடத்திய, இன்னும் சந்தையில் பட்டியலிடப்படாத ஏவம் நிறுவனத்தின் பங்குகளை, மதிப்பில் பாதியையும் எட்டாத 35 சென்டுக்குக் கேட்டதை, விவரமறியாதவரைக் குறிவைத்த மனச்சான்றற்ற நடத்தை என்றே 2005இல் அந்நீதிமன்றம் கண்டது.

இதற்கிடையே 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், சந்தைக்கு வெளியே கேளாமல் அனுப்பப்படும் இத்தகைய கடிதங்கள் சந்தை விலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என விதித்தது. விலையைக் காட்டியே ஏமாற்றலாம் என்பதை ஒன்ஸ்டீல் கடிதம் மெய்ப்பித்திருந்த நிலையில், இது அரை மருந்துதான். பதிவேடு கேட்பவர் நோக்கத்தைச் சொல்ல வேண்டும் என்றும், இத்தகைய கடிதம் அனுப்புவது தகாத நோக்கம் என்றும் வரையறுக்கப்பட்டது 2010ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னரே.