ஆள்மாறாட்டத்தால் பாதிக்கப்பட்டோருக்கான சட்டப் பாதுகாப்பு: தாம்பரமும் தென்சென்னைப் புறநகரும்

ஒருவரின் பெயரையும் அடையாள ஆவணத்தையும் வேறொருவர் தமதாகக் காட்டிச் சொத்தையோ பணத்தையோ பறிப்பது ஆள்மாறாட்ட மோசடி. தாம்பரம், சேலையூர், முடிச்சூர், படப்பை, கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் இதற்கு எளிதில் இரையாவது காலி மனை. வயலாக இருந்த இடங்களில் லேஅவுட் போட்டு விற்ற மனைகளைச் சம்பளக்காரர்கள் பிள்ளைகளுக்கென வாங்கிப் போட்டார்கள். உரிமையாளர் வளைகுடாவிலோ வடமாநிலத்திலோ இருப்பார். சுற்றுச்சுவர்கூட இல்லாத மனை ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கும். பத்திர நகல் ஒன்று மோசடிக்காரர் கைக்குப் போனால் போதும். உரிமையாளர் பெயரில் ஓர் அடையாள அட்டை, அந்தப் பெயரில் நடிக்க ஓர் ஆள், ஒரு பவர் பத்திரம், அதை வைத்து அடுத்தடுத்துக் கிரயங்கள். உண்மையான உரிமையாளருக்கு விஷயம் தெரிவது பெரும்பாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கும் நாளில்தான்.

பழைய சட்டங்கள் குற்றவாளியைத்தான் பார்த்தன. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 419ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்துக்கு மூன்றாண்டு வரையும், 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவு ஏழாண்டு வரையும் சிறை விதித்தன. போலிப் பத்திரத்தால் உரிமை மாறாது என்பது சட்டம். ஆனாலும் அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் இருக்கும்வரை வங்கி கடன் தராது, வாங்க வருபவரும் நெருங்கமாட்டார். அதை நீக்க, இழந்தவரே நீதிமன்றக் கட்டணம் கட்டி உரிமையியல் வழக்குப் போட வேண்டியிருந்தது. இது அநியாயம் என்பதில் ஐயமில்லை.

2001இல் பதிவுச் சட்டத்தில் சேர்ந்த 32ஏ பிரிவு, சொத்துப் பத்திரத்தில் இரு தரப்பாரின் புகைப்படமும் விரல்ரேகையும் இருக்க வேண்டும் என்றது. தடுப்பு என்ற அளவில் இதன் பலன் பாதிதான். ஆனால் நடித்தவரின் முகமும் ரேகையும் பத்திரத்திலேயே தங்கிவிடுவதால், பாதிக்கப்பட்டவரின் கையில் இதைவிட வலுவான சான்று வேறில்லை.

2011இல் தமிழகக் காவல்துறையில் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் தொடங்கின. அதே ஆண்டு பதிவுத்துறைத் தலைவரின் சுற்றறிக்கை ஒன்று, ஆள்மாறாட்டப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே விசாரிக்க வழிவிட்டது. பதிந்த பத்திரத்தை ரத்து செய்யப் பதிவு அலுவலருக்கு அதிகாரமில்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் வேறொரு மாநில வழக்கில் கூறியதும் அந்த வழி ஆட்டம் கண்டது. அதனால் தமிழக அரசு பதிவுச் சட்டத்தையே திருத்தியது. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 22பி பிரிவு போலிப் பத்திரத்தைப் பதிய மறுக்கவும், 77ஏ பிரிவு பதிந்துவிட்டதை மாவட்டப் பதிவாளர் ரத்து செய்யவும் அதிகாரம் தந்தன. வழக்கறிஞர் கட்டணத்துக்கே அஞ்சி ஒதுங்கியிருந்த ஓய்வூதியர்களுக்கு இது பெரிய நம்பிக்கை. ஆனால் சொத்துரிமைச் சிக்கலை அதிகாரி தீர்க்க முடியாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் 77ஏ பிரிவைச் செல்லாததாக்கியது. மோசடிப் பதிவைத் தடுக்க உதவிய, விற்பவர் மூலப்பத்திரத்தைக் காட்ட வேண்டும் என்ற தமிழகப் பதிவு விதி 55ஏ(1)-ஐயும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை மேல். 2009 அக்டோபரில் அமலான தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தின் 66சி பிரிவு, பிறரின் கடவுச்சொல், மின்னணுக் கையொப்பம் போன்றவற்றைக் களவாகப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. 2010இல் அதே சட்டத்தின் கீழ் தமிழகத்தின் தீர்ப்பளிக்கும் அதிகாரி, போலி மின்னஞ்சலை நம்பிப் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு இழப்பீடு தருமாறு வங்கிக்கே உத்தரவிட்டார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி, வங்கியும் வாடிக்கையாளரும் காரணமல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றது. நிரூபிக்கும் சுமையும் வங்கியினுடையது. பணம் போன உடனே அழைக்க 1930 என்ற எண்ணும் உண்டு. நிலம் இழந்தவருக்கு இப்படி ஒரு விதி இன்றுவரை இல்லை.

தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. நில மோசடிப் புகார்களை அதன் மத்தியக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்துக்கான தண்டனையை ஐந்தாண்டு வரை உயர்த்தியது. விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கு 90 நாளுக்குள் தெரிவிப்பதும் இப்போது காவல்துறையின் கடமை. பத்திரத்தை நீக்குவதற்கு மட்டும் 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி உரிமையியல் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். தீர்ப்பு நகல் வந்ததும் சார்பதிவாளர் அந்த ரத்தைத் தம் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்.