நம் ஊர்ச் சிம்ப்யூட்டரும் ஒரு யுஎஸ்பி போர்ட்டும்



உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினியை முதன்முதலில் அமெரிக்காவோ ஜப்பானோ செய்தது என்று நம் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். முதல் கருவி யாருடையது என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. ஆனால் ஏழை மக்களுக்கென்று, ஒரு கிராமமே பகிர்ந்து பயன்படுத்தட்டும் என்று திட்டமிட்டு அப்படி ஒரு கருவியைச் செய்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். பெங்களூரு. கருவியின் பெயர் சிம்ப்யூட்டர். இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அதனால்தான் இந்த நீண்ட பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

1998-இல் பெங்களூரில் தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. கணினி நகரத்துக்காரனுக்கு மட்டும்தானா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அடுத்த ஆண்டே சிம்ப்யூட்டர் அறக்கட்டளை பிறந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்த சுவாமி மனோகர், விஜய் சந்துரு, வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் என்ற நால்வரும், என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் அவருடைய சகாக்களும் சேர்ந்தார்கள். வாத்தியார்கள் நான்கு பேர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

2001 ஏப்ரலில் மாதிரிக் கருவியை வெளியே காட்டினார்கள். இன்டெல்லின் ஸ்ட்ராங் ஆர்ம் சில்லு, லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை. ரிமோட்டில் போடுகிறோமே, அந்தச் சின்ன பேட்டரி மூன்று போதும். விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும் என்பது இலக்கு. பக்கவாட்டில் ஸ்மார்ட் கார்டு செருகும் வாய் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான். கருவி ஊருக்குப் பொது. கார்டு அவரவருக்குச் சொந்தம். பஞ்சாயத்திலோ பள்ளியிலோ கருவியை வைத்துவிட்டு, ஆளுக்கொரு கார்டைக் கொடுத்துவிட்டால், செருகியவுடன் அது உன் கருவி. எடுத்தவுடன் அடுத்தவர் கருவி. எங்கள் பள்ளியில் ஒரே ஒரு உலக உருண்டையை ஐந்து வகுப்புகளுக்குச் சுற்றவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உதவவேண்டும் என்று, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் 'த்வனி' என்ற மென்பொருளையும் உருவாக்கினார்கள். ரமேஷ் ஹரிஹரன் முன்னின்று செய்த வேலை அது. பிறகு கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அதை எடுத்து வளர்த்ததில் தமிழும் அதில் பேசத் தொடங்கியது. கருவியின் வரைபடத்தையும் மூடி வைக்கவில்லை. உரிமத்தோடு யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று திறந்து வைத்தார்கள். 2001 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், அந்த ஆண்டின் மிக முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பு இதுதான் என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் இரண்டையும் ஓரம் கட்டிவிட்டு எழுதினார்.

சந்தைக்கு வந்தது 2004 ஏப்ரலில். பேராசிரியர்கள் தொடங்கிய பிக்கோபெட்டா நிறுவனத்துக்காக பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதாவது பெல், 'அமிடா சிம்ப்யூட்டர்' என்ற பெயரில் தயாரித்தது. நந்தம்பாக்கத்தில் கிளை வைத்திருக்கும் அதே பெல். விலை 10,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே தொடங்கியது; வண்ணத்திரை வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும் வசதி அதில் இருந்தது. ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன!

இங்கே ஒரு ஒற்றுமையைச் சொல்ல வேண்டும். அதே 2004 ஏப்ரல், மே மாதங்களில்தான் நாட்டின் 543 மக்களவைத் தொகுதிகளிலும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வைத்துத் தேர்தல் நடந்தது. நம் மாநிலத்தில் மே 10. ஆசிரியர்கள் எங்களுக்கு அந்த இயந்திரம் 2001 சட்டமன்றத் தேர்தலிலேயே பழக்கம். அதைச் செய்தவை இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள். அவற்றில் ஒன்று இதே பெல். தேர்தல் பணியில் அந்தப் பெட்டியைக் கையாண்ட எல்லோருக்கும் தெரியும், அது வெளியுலகத்தோடு பேசாது. கட்டுப்பாட்டுப் பெட்டியும் வாக்களிக்கும் பெட்டியும் தங்களுக்குள் ஒரு கேபிளில் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கு அதுதான் அழகு. சிம்ப்யூட்டர் நேர் எதிர். வெளியுலகத்தோடு பேசினால்தான் அதற்கு வாழ்வு. தொலைபேசிக் கம்பி, அகச்சிவப்புக் கதிர், யுஎஸ்பி என்று வழிகளைத் திறந்து வைத்தார்கள். கிராமத்தில் சேர்ந்த கணக்கு தாலுகா அலுவலகத்துக்குப் போகாவிட்டால் அந்தக் கருவி வெறும் சிலேட்டு.

அந்த யுஎஸ்பி கதைக்கு வருகிறேன். அதிலும் ஒரு இந்தியர் இருக்கிறார். வதோதராவில் படித்த அஜய் பட், இன்டெல்லில் இருந்தபடி இந்த முறையை உருவாக்கிய குழுவின் முக்கியமானவர். முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. அதற்குமுன் மவுஸுக்கு ஒரு துளை, பிரின்டருக்கு இன்னொன்று, மோடத்துக்கு மற்றொன்று. செருகியின் எந்தப் பக்கம் மேலே என்று நாம் மூன்று தடவை திருப்பிப் பார்க்கிறோமே, அதற்கும் காரணம் உண்டு: இரு பக்கமும் செருகும்படி செய்தால் கம்பியும் செலவும் இரட்டிப்பாகும் என்று விட்டுவிட்டார்களாம்.

யுஎஸ்பியில் ஒரு விஷயம் வகுப்பறை போலவே இருக்கும். ஒரு முனையில் ஆசிரியர், மறுமுனையில் மாணவர். ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால்தான் மாணவர் "உள்ளேன் ஐயா" சொல்லவேண்டும்; தானாக வாய் திறக்கக்கூடாது. கணினிதான் ஆசிரியர். பென் டிரைவ், மவுஸ் எல்லாம் மாணவர்கள். ஒரு ஆசிரியர் 127 பேர் வரை வருகைப்பதிவு எடுக்கலாம். (எனக்கு 60 பேருக்கே தொண்டை கட்டிவிடும்.) கையடக்கக் கணினிக்குத்தான் சிக்கல். மேசைக் கணினியோடு இணைத்தால் அது மாணவர். அதே கருவியில் பென் டிரைவைச் செருகினால் அது ஆசிரியராக வேண்டும். ஸ்ட்ராங் ஆர்ம் 1110 சில்லுக்குள் இருந்தது மாணவர் வேலை மட்டும். ஆசிரியர் வேலைக்குத் துணைச் சில்லு தேவைப்பட்டது. ஒரே துளை இரண்டு வேலையும் பார்க்கலாம் என்ற ஏற்பாடு 2001 இறுதியில்தான் விதியாக வந்தது. ஆகவே பழைய கையடக்கக் கருவியில் "யுஎஸ்பி வேலை செய்யவில்லை" என்றால் முதல் கேள்வி, இந்தத் துளை ஆசிரியரா மாணவரா என்பதுதான். மாணவர் துளையில் பென் டிரைவைச் செருகினால் இருவரும் பெயர் கூப்பிடக் காத்திருப்பார்கள். சாயங்காலம் மணி அடிக்கும் வரை சத்தமே இருக்காது.

இந்தப் பாடத்தை எனக்கு எடுத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம், கூச்சப்படுவான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக் கணக்கெல்லாம், யாருக்கு எத்தனை பீஸ் கடைந்தோம், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம், ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய ஒரு கையடக்க லினக்ஸ் கருவியில் ஏற்றி வைத்திருந்தான். மூன்று மாதக் கணக்கு. அதை வெளியே எடுக்க ஒரே வழி யுஎஸ்பி. அது பேசவில்லை. "டீச்சர், வர்ற சனிக்கிழமை பசங்களுக்குக் கூலி கொடுக்கணும், எல்லாக் கணக்கும் இதுக்குள்ள மாட்டிக்கிச்சு" என்று போனில் சொன்னபோது அவன் குரலே சரியில்லை. எட்டு பேர் கூலி அந்தக் கருவிக்குள் இருந்தது.

அவன் என்ன செய்தான் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும்.

முதலில் கேபிள். சார்ஜ் செய்ய மட்டும் என்று வரும் மலிவு கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிதான் இருக்கும். யுஎஸ்பிக்கு நான்கு வேண்டும்: ஐந்து வோல்ட், தரை, தகவலுக்கு இரண்டு. கருவி சார்ஜ் ஏறுகிறதே, கேபிள் நல்லதுதானே என்று பலரும் இங்கேயே ஏமாறுகிறார்கள். அவனிடம் இருந்ததும் அப்படிப்பட்ட கேபிள்தான்.

நல்ல கேபிள் போட்டான். மறுமுனையில் இருந்தது அவன் தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. 2011-இல் தொடங்கிய திட்டம் நினைவிருக்கிறதா? அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக்கில் உருவானது. பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் போனதே இல்லை. அவன் போனான். லினக்ஸில் 'டிஎம்இஎஸ்ஜி' என்று ஒரு கட்டளை உண்டு; கணினி தன் மனதுக்குள் முணுமுணுப்பதை எல்லாம் அப்படியே காட்டும். புதிய கருவி வந்திருக்கிறது, ஆனால் அதன் விவரக்குறிப்பைப் படிக்க முடியவில்லை, பிழை 71 என்று வந்தது. இது முக்கியமான தடயம். ஒன்றுமே வராவிட்டால் தொடர்பே இல்லை என்று பொருள். பிழை வந்தால் தொடர்பு இருக்கிறது, பேச்சு சிதைகிறது என்று பொருள். "உள்ளேன் ஐயா" காதில் விழுகிறது, பெயர் புரியவில்லை.

கருவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பூதக்கண்ணாடியில் துளையைப் பார்த்தான். எண்ணெய்ப் பிசுக்கோடு நுண்ணிய இரும்புத்தூள். லேத் பட்டறையில் வேறென்ன இருக்கும்? இரும்புத்தூள் மின் கம்பிகளுக்கு நடுவில் பாலம் போட்டால் கருவியே கருகிவிடும். அதனால்தான் பேட்டரியைக் கழற்றாமல் துளைக்குள் எதையும் விடக்கூடாது. மெல்லிய பிரஷ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். குண்டூசி கூடாது. சுத்தம் செய்ததும் துளை லேசாக ஆடுவது தெரிந்தது. போர்டில் பற்றவைத்த இடம் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் அதைத் திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தான்.

பிழை போய்விட்டது. ஆனாலும் திரையில் பென் டிரைவ் படம் வரவில்லை! இங்கேதான் பலர் "போர்ட் செத்துப்போச்சு" என்று தூக்கி எறிவார்கள். 'எல்எஸ்யுஎஸ்பி' என்று கட்டளை கொடுத்தால், கருவி பட்டியலில் இருக்கிறது. விஷயம் என்னவென்றால், இப்படிப்பட்ட கையடக்க லினக்ஸ் கருவிகள் பல, தங்களைப் பென் டிரைவ் என்று சொல்லிக்கொள்வதில்லை. வலையமைப்பு அட்டை என்று சொல்லிக்கொள்ளும். படம் எப்படி வரும்? இரண்டு பக்கமும் ஒரே தொடரில் ஆளுக்கொரு ஐபி எண் கொடுத்து, 'பிங்' செய்து பதில் வருகிறதா என்று பார்த்து, பிறகு கோப்புகளை நகலெடுக்க வேண்டும். வெள்ளி இரவு பதினோரு மணிக்கு நகல் முடிந்தது என்று செய்தி அனுப்பினான். கூலி சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது.

சிம்ப்யூட்டர் ஏன் தோற்றது என்பதற்கு எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள்: செல்போன் வந்துவிட்டது. உண்மைதான். 2003 மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. அந்த ஜூலையில் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் அறிவித்தது. அதே ஆண்டு டார்ச் லைட்டோடு நோக்கியா 1100 வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலையே வந்து, பூந்தமல்லிப் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. 10,000 ரூபாய்க் கருவி அந்த வெள்ளத்தில் எப்படி நிற்கும்? லட்சக்கணக்கில் விற்க நினைத்தது ஆயிரக்கணக்கோடு நின்றுவிட்டது.

என் கணக்கில் இன்னொரு காரணமும் உண்டு. கிராமத்தில் கருவி கெட்டால் பார்ப்பதற்கு ஆள் யார்? திறந்த கருவியைச் செய்தார்கள். அதைத் திறந்து பார்க்கக்கூடிய ஆளை ஊர் ஊராகப் பழக்கவில்லை. என் மாணவனுக்கு ஓ.டி.யில் ஒரு நண்பன் இருந்தான். ஒரு தாலுகா குக்கிராமத்தில் 2004-இல் அப்படி ஒருவர் இருந்திருப்பாரா? செல்போன் ஜெயித்ததற்கு விலை மட்டும் காரணமில்லை. மூன்றே வருடத்தில் தெருவுக்கு ஒரு ரிப்பேர் கடை வந்துவிட்டது, யாரும் திட்டம் போடாமலேயே.

சிம்ப்யூட்டர் முழுத் தோல்வி என்றும் சொல்லிவிட முடியாது. கர்நாடகத்தில் நில ஆவணப் பணிக்குப் பயன்பட்டது. சத்தீஸ்கரில் பள்ளிப் பிள்ளைகள் கையில் போனது. மைசூரில் சங்கமித்ரா என்ற நுண்கடன் அமைப்பு கணக்கெழுதப் பயன்படுத்தியது. கோவாவில் சுரங்கத்திலிருந்து கப்பல் வரை இரும்புத் தாது போவதைக் கண்காணிக்கவும், மும்பையில் வண்டி எஞ்சினைச் சோதிக்கவும்கூட உதவியது. கவனியுங்கள், இவை எல்லாமே தகவலை ஓரிடத்தில் சேர்த்து இன்னோரிடத்தில் இறக்கும் வேலைகள். கேபிள் பேசினால்தான் நடக்கும். பிக்கோபெட்டாவைப் பிறகு மும்பையின் ஜியோடெசிக் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

பெங்களூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய சாமான் கடையில் எங்காவது அமிடா கண்ணில் பட்டால் எனக்கு வாங்கி அனுப்புங்கள், பணம் தந்துவிடுகிறேன். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கருவியை மட்டும் துணியில் சுற்றிப் பார்சல் செய்யவும். கேபிள் கிடைத்தால் அதையும் சேர்த்து. நான்கு கம்பி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கப்பா.