கல்லி-குர்ச்சியின் நரம்பு

தைராய்டு அறுவை சிகிச்சை பற்றிய மருத்துவ நூல்களில் ஒரு பாடகியின் பெயர் அடிக்கடி தலைகாட்டும். அமெலிட்டா கல்லி-குர்ச்சி. கழுத்தில் ஓடும் ஒரு மெல்லிய நரம்பை அவர் பெயராலேயே குறிப்பிடும் டாக்டர்களும் உண்டு. பாடகிக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

1882ல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர் இவர். 1916 நவம்பர் 18 அன்று, தன் பிறந்த நாளிலேயே, சிகாகோவில் வெர்டியின் 'ரிகொலெட்டோ' ஓபராவில் பாடினார். அன்றிலிருந்து அமெரிக்காவில் அவருக்கு ஏறுமுகம்தான். எட்ட முடியாத உச்ச ஸ்தாயியையும் அலட்டிக்கொள்ளாமல் தொடும் குரல் என்று பெயர் வாங்கினார். ஆனால் 1920களிலேயே சுருதி விலகுகிறது என்று விமர்சகர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1930ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவிலிருந்து விலகினார். காரணம் கழுத்துக்குள் இருந்தது. தைராய்டு கழலை பெருத்து, மூச்சுக்குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது.

1935 ஆகஸ்டில் சிகாகோவில் அறுவை சிகிச்சை நடந்தது. செய்தவர் ஆர்னால்ட் கெகல். முழு மயக்கம் கொடுக்கவில்லை, கழுத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள். ஏன் தெரியுமா? கத்தி உள்ளே இருக்கும்போதே அவரைக் குரல் கொடுக்கச் சொல்லி, சேதம் ஏதுமில்லை என்று பார்த்துக்கொள்வதற்காக! எடுத்த கழலை சுமார் 170 கிராம். அடுத்த ஆண்டு சிகாகோவில் 'லா பொஹேம்' ஓபராவில் மறுபடி மேடை ஏறினார். பழைய கல்லி-குர்ச்சி திரும்பவில்லை. அதோடு ஓபராவும் முடிந்தது.

இதற்குப் பிறகுதான் கதை பிறந்தது. தைராய்டை ஒட்டி, குரலுக்கான இரண்டு முக்கிய நரம்புகள் ஓடுகின்றன. ஒன்று, குரல் நாண்களைத் திறந்து மூடுவது. அது அடிபட்டால் குரல் கம்மிக் காற்றாகிவிடும். மற்றொன்று, மேல் குரல்வளை நரம்பின் வெளிக் கிளை. வீணைத் தந்தியை முறுக்குவது போல நாண்களை இழுத்துப் பிடிக்கும் தசைக்கு இதுதான் உத்தரவு கொடுக்கிறது. இது அறுந்தால் பேச்சு ஏறக்குறைய சரியாகவே இருக்கும், உச்ச ஸ்தாயி மட்டும் போய்விடும். பாடகிக்கு அறுந்தது இந்த நரம்புதான் என்று தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

2001ல் க்ரூக்ஸ், ரெகபாரன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் பழைய செய்திகளைத் தோண்டி, இந்தக் கதையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். குரல் அறுவை சிகிச்சைக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது, நரம்பு அறுந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்பது அவர்கள் வாதம். சுருதி விலகியதாக முன்பே வந்த விமர்சனங்களைப் பார்த்தால், அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. கெகல் பாவம்!

இந்த வழக்கு இவ்வளவு காலம் இழுபட்டதற்குக் காரணம் உண்டு. குரலை முன்பும் பின்பும் ஒரே அளவுகோலில் யாரும் அளக்கவில்லை. இருந்ததெல்லாம் விமர்சகர்களின் காது. குரல் நாண்களைப் பார்க்கும் வழி அப்போதே இருந்தது. 1854லேயே மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் (டாக்டர் அல்ல!) சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுத் தன் நாண்களைத் தானே பார்த்திருக்கிறார். ஆனால் வெளிக் கிளை அடிபட்டால் கண்ணாடியில் நாண்கள் ஒழுங்காக அசைவதாகவே தெரியலாம்.

அளவுகோல்கள் பிறகு வந்தன. குரலின் கரகரப்பு, காற்றொழுகல், பலவீனம், இறுக்கம் ஆகியவற்றுக்கும் மொத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறையை ஜப்பானியர்கள் உருவாக்கினார்கள். 1997ல் நோயாளியே தன் சிரமத்தைச் சொல்லும் 30 கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. ஒரே மூச்சில் 'ஆ' என்று எத்தனை விநாடி இழுக்க முடிகிறது என்பதும் ஒரு சோதனை. 2013ல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், அறுவைக்கு முன்பே குரலைப் பதிவு செய்யவும், பின்பு 2 வாரம் முதல் 2 மாதத்துக்குள் மாற்றம் உண்டா என்று குறித்து வைக்கவும் சொல்கிறது. வெளிக் கிளையில் சந்தேகம் வந்தால், கழுத்தில் ஊசி வைத்து அந்தத் தசையின் மின்னோட்டத்தைப் பார்ப்பார்கள்.

நரம்பு தப்பினாலும் குரல் மாறலாம் என்பது இன்னொரு சிக்கல். மயக்க மருந்துக் குழாய் உரசியோ, கழுத்துத் தசைகள் தழும்பில் ஒட்டிக்கொண்டோ குரல் சில காலம் கெடுவதுண்டு. கல்லி-குர்ச்சிக்கு முழு மயக்கம் இல்லாததால் குழாயைக் குறை சொல்ல வழியில்லை. 1963ல் அவர் கலிஃபோர்னியாவில் காலமானார். வெளிக் கிளைக்கு அவர் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.