கரிமூட்டமும் கரி பஸ்ஸும்: விறகுக்குள் இருக்கும் உப்பின் கதை

பி.காம். படிப்பவனுக்கு விறகின் வேதியியலில் என்ன வேலை என்று வகுப்பில் சிலர் கேட்பீர்கள். விறகு, கரி, சாம்பல் மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால் இதுவும் கணக்குப் பாடம்தான். தாமிரபரணி கடலில் கலக்கும் எங்கள் புன்னக்காயல் பக்கம் உப்பளத்தையும் சீமைக்கருவேலத்தையும் பார்க்காமல் யாரும் ஊர் வந்து சேர முடியாது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதுதான் விஷயம்.

சீமைக்கருவேலம் நம் மண்ணின் மரம் அல்ல. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா பகுதியில் போட்டார்கள். விறகுப் பஞ்சம் தீரவேண்டும் என்பது எண்ணம். (தீர்ந்தது. கண்மாய்களும் சேர்ந்து தீர்ந்தன. அது வேறு கட்டுரை.) இன்று தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் மழை பொய்த்த வருடம் பல வீடுகளில் உலை கொதிப்பது இந்த மரத்தின் கரிமூட்டத்தால்தான்.

மூட்டம் போடுவது எளிதல்ல. விறகை நெருக்கி அடுக்கி, மேலே இலைதழை பரப்பி, ஈரமண் பூசி மூடி, தீ வைத்து, காற்றை அளந்து விடவேண்டும். முதலில் வெள்ளைப் புகை, அது ஈரம். கடைசியில் மெல்லிய நீலப் புகை வந்தால் துளைகளை அடைத்துவிடுவார்கள். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைக்கும். மீதி ஆவியும் வாயுவும் தாருமாகக் காற்றோடு போய்விடும். அதில் ஒரு பங்கு மூட்டக்காரரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும்.

எவ்வளவு கரி, எவ்வளவு புகை என்பதை வெப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. விறகுக்குள் பொட்டாசியம், கால்சியம் உப்புகள் கொஞ்சம் இருக்கின்றன. சாம்பலாக மிஞ்சுவது அவைதான். ஆய்வுக்கூடத்தில் அமிலத்தால் கழுவி இந்த உப்புகளை நீக்கிவிட்டுச் சூடாக்கினால், அதே மரம் கரியைக் குறைத்துத் தார் போன்ற திரவத்தை அதிகம் தருகிறது. உப்பு இருந்தால் கரி கூடுகிறது.

இதன் பழைய சாட்சி ஒரு நாடகக் கொட்டகை! பிரான்சில் பதினெட்டாம் லூயி மன்னர் அரங்கத் துணிகள் தீப்பிடிப்பதைத் தடுக்க வழி கேட்டார். கே-லுசாக் என்ற விஞ்ஞானி 1821இல் அம்மோனிய உப்புகளையும் வெங்காரத்தையும் துணியில் ஏற்றிக் காட்டினார். துணி கொழுந்துவிடாமல் கருகி நின்றது. துணியிலும் மரத்திலும் இருப்பது ஒரே செல்லுலோஸ். ஏன் அப்படி நடக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

அடுத்தது கரியை வாயுவாக்கும் கதை. 1921இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டெய்லர், நெவில் இருவரும் பொட்டாசியம் கார்பனேட்டும் சோடியம் கார்பனேட்டும் சேர்த்தால் கரி நீராவியோடு வேகமாக வினைபுரிகிறது என்று காட்டினார்கள். இருபது வருடம் கழித்து இரண்டாம் உலகப்போர். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. நம்மூர் பஸ்களின் பின்பக்கம் கரி அடுப்பைப் பொருத்தினார்கள். ஒரு ஆள் காற்றாடியைச் சுற்றி வாயு பிடித்தபிறகுதான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். விறகையே போடாமல் ஏன் கரியைப் போட்டார்கள்? தார் இஞ்சினை அடைத்துவிடும், அதனால்தான். தாரை மூட்டத்திலேயே கழித்துவிட்டு வந்த சரக்கு கரி. மூட்டக்காரர் தின்ற புகைதான் பஸ் இஞ்சினைக் காப்பாற்றியது என்று நான் சொல்வேன்.

அந்தத் தாரை உடைக்கவும் கனிமம் உதவும். சூடான சுண்ணாம்பு, டாலமைட், ஆலிவைன் மணல் இவற்றின்மேல் பட்டால் தார் உடைந்து சிறு வாயுக்களாகிறது. (நம் கடற்கரையில் சிப்பியைச் சுட்டு எடுக்கிறோமே, அதே சுண்ணாம்பு.) ஆஸ்திரியாவின் க்யூசிங் ஊரில் 2002 வாக்கில் ஓடத் தொடங்கிய ஆலையில் ஆலிவைன் மணலோடு மரச்சில்லுகளை வாயுவாக்கினார்கள். ஓடஓட, மரச்சாம்பலின் கால்சியம் மணல்மேல் தோலாகப் படிந்து தாரை இன்னும் நன்றாக உடைத்ததாம்! அவ்வளவு கெட்டிக்கார ஆலையும் 2016இல் மூடப்பட்டது. காரணம் வேதியியல் இல்லை, மின்சாரத்துக்கான சலுகை விலை முடிந்துபோனது. காமர்ஸ்காரர்கள் கவனிக்க :-)

நம் பக்கமும் சீமைக்கருவேல விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் வந்தன. அங்கே இதே பொட்டாசியம் வில்லன். கொதிகலன் சூட்டில் உருகி, குழாய்களில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். நிறுத்திச் சுரண்டவேண்டும், அத்தனை நாளும் நஷ்டம். உவர்நிலத்தில் வளரும் செடிகொடிகள் சோடியத்தையும் குளோரினையும் கூடுதலாக உறிஞ்சுவதால் தொல்லை இன்னும் கூடும். உப்பளத்துப் பக்கத்து விறகை வாங்குபவர் எடையோடு சாம்பலையும் சோதிப்பது நல்லது.

மூட்டத்தில் கரியைக் கூட்டிக்கொடுக்கும் உப்பு, கொதிகலனில் காசைக் கரைக்கிறது. ஆலைக்காரருக்கு இதைச் சொல்ல பொறியாளர்கள் இருக்கிறார்கள். மூட்டம் போடுபவரோ புகையின் நிறத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார், கரியை மூட்டை கணக்கில் விற்கிறார். புகையைப் பிடித்து விற்கும் சிறிய உலை ஒன்று அவர் வாங்கக்கூடிய விலையில் வருமா என்பதுதான் எனக்குத் தெரிந்தவரை விடை காணவேண்டிய கணக்கு.