ஒரு ரூபாய்ச் சம்பளமும் உயர் நீதிமன்றமும்

ராயபுரத்திலிருந்து பாரிமுனைப் பக்கம் வருகிறவர் கண்ணில் துறைமுகத்துக்கு எதிரே உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் படாமல் போகாது. 1892-ல் திறந்த கட்டடம். 1894 முதல் 1977 வரை அதன் உச்சியில்தான் சென்னையின் கலங்கரை விளக்கம் எரிந்தது. ஆனால் கோர்ட்டு வேலை பழக வரும் பையனுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி அந்தக் கட்டடத்தைவிட மூத்தது.

அதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கமே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் 1812-ல் தொடங்கிய சென்னைக் கோட்டைக் கல்லூரியில் வெள்ளைக்கார இளம் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் படித்தார்கள். கூடவே உள்ளூர் மாணவர்கள் சிலர் மாத உதவித்தொகை வாங்கிக்கொண்டு இந்து, முஸ்லிம் சட்டங்களைப் படித்தார்கள். கோர்ட்டுகளுக்குச் சட்டம் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. படிப்புக்குக் காசு கொடுத்தே அவர்களை உருவாக்கினார்கள். 1854-ல் கல்லூரி மூடப்பட்டது. அது இயங்கிய நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

தஞ்சைச் சீமையிலோ தகப்பனை இழந்த ஒரு சிறுவன் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் எடுபிடியாகச் சேர்ந்தான். சம்பளம் மாதம் 1 ரூபாய். ஒருநாள் ஆற்றில் கரை உடைந்ததாகத் தகவல் வந்தது. நேரில் பார்த்துவரத் தாசில்தார் அவனைத்தான் அனுப்பினார். அவன் கொண்டுவந்த விவரம் பிறகு வந்த அறிக்கையோடு அப்படியே ஒத்துப்போனது. அசந்துபோன தாசில்தார் அவனைச் சென்னைக்குப் படிக்க அனுப்பிவைத்தார். அவர்தான் தி. முத்துசாமி ஐயர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. 1893-ல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். நீதிமன்றத்துக்குள் அவருக்குப் பளிங்குச் சிலை உண்டு. அந்த ஒரு ரூபாயும் இல்லையென்றால் கச்சேரி வாசலைக்கூட அவர் மிதித்திருப்பாரா?

ஆனால் எல்லாருக்கும் அந்த ஒரு ரூபாய் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து மாவட்டக் கச்சேரிகளில் சம்பளமே இல்லாமல் ‘வாலண்டியர்’ என்ற பெயரில் எழுத்து வேலை பார்த்தவர்கள் ஏராளம். என்றாவது ஓர் இடம் காலியாகும் என்று காத்திருப்பார்கள். அதுவரை வயிறு? வீட்டில் நிலமிருந்தவன் தாக்குப்பிடித்தான். மற்றவன் மனு கொடுக்க வந்தவனிடம் கை நீட்டினான்.

பின்னாளில் சட்டம் படிக்க வந்த வட சென்னைப் பையன்களுக்கு ஒரு வசதி இருந்தது. 1891-ல் தொடங்கிய சட்டக் கல்லூரி பல தலைமுறைகளாக உயர் நீதிமன்றத்தை ஒட்டியே நடந்தது. திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வகுப்பு முடிந்ததும் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் பேப்பர் எடுத்துவைத்து நாலு காசு பார்க்கவும் முடிந்தது. 2018-ல் கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்து போனது. 2008-ல் அங்கே நடந்த மாணவர் மோதல் அதற்குப் பின்னணி. ஆனால் அந்த மாற்றத்தில் எண்ணூர்ப் பையனின் சாயங்கால வேலை போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2024 ஜூனில் உயர் நீதிமன்றம் இந்தப் பழைய விவகாரத்தில் தலையிட்டது. ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்குச் சொன்னது. நீதிபதிகளுக்கு உதவும் ஆராய்ச்சி உதவியாளர்களுக்கும் மாதச் சம்பளம் உண்டு. இரண்டுமே பட்டம் வாங்கியவர்களுக்கு. படிக்கும்போதே கோர்ட்டில் பயிற்சிக்கு வரும் மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு சான்றிதழ். பஸ் காசு அவரவர் வீட்டுக் கணக்கு.