பள்ளிக்கூடம் சின்னத்திரைக்கு வந்த கதை

நம் மெகா சீரியல்களில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? அம்மா அழுதால் கூட நின்று அழ வேண்டும். பெரியவர்கள் சண்டை போட்டால் கதவோரம் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்! 1999ல் தொடங்கிய சித்தி, 2002ல் வந்த மெட்டி ஒலி, 2003ல் வந்த கோலங்கள் என எல்லாவற்றிலும் குடும்பம்தான் கதை. ஆனால் அந்தக் குடும்பத்தைப் பெரியவர்களின் கண் வழியாகத்தான் பார்த்தோம். பதினாறு வயதுப் பையன் தன் வீட்டைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு முன்னால் தூர்தர்ஷன் கேட்டிருக்கிறது. 1984ல் வந்த ஹம் லோக் தொடரில் குடிகாரத் தந்தையின் வீட்டில் வளரும் கடைக்குட்டிப் பெண்ணுக்கு டாக்டராக ஆசை. பின்னர் வந்த மால்குடி டேஸில் சுவாமியும் அவனுடைய வக்கீல் அப்பாவும். எழுதிய ஆர்.கே.நாராயண் பிறந்தது சென்னையில்தான் என்றாலும் தொடர் பேசியது இந்தி. வெளிநாட்டில் பிபிசி 1978லேயே கிரேஞ்ச் ஹில் என்று ஒரு பள்ளிக்கூடத் தொடரை ஆரம்பித்து முப்பது வருடம் ஓட்டியது.

தமிழில் அது நடந்தது 2006 அக்டோபரில். விஜய் டிவியில் கனா காணும் காலங்கள் வந்தது. ஹீரோ, வில்லி யாரும் கிடையாது. யூனிஃபார்ம் போட்ட புதுமுகங்கள், வகுப்பறை, காதல், பொறாமை, வாத்தியார் திட்டு. பெயர் மட்டும் 2004ல் வந்த 7ஜி ரெயின்போ காலனி படத்துப் பாடலில் இருந்து வந்தது. அந்தப் படத்திலும் மறக்க முடியாதது அப்பா, மகன் உறவுதான். நேரில் அடித்துத் திட்டும் அப்பா, மகனுக்கு வேலை கிடைத்ததும் ராத்திரியில் மனைவியிடம் மட்டும் சொல்லி நெகிழ்வார். மகன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பான். தமிழ் வீடுகளில் பாசம் இப்படித்தான் காதில் விழும், நேராக யாரும் சொல்வதில்லை.

அந்த வருடத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 1967, 1971 தேர்தல்களில் சைதாப்பேட்டையில் ஜெயித்த கலைஞர் ஐந்தாவது முறை முதல்வராகி, 2006 செப்டம்பரில் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தார். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ரத்து செய்யும் சட்டமும் அதே ஆண்டு வந்தது. 2007 சேர்க்கையில் இருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்று அப்போது ஆனது. 1200க்கு எத்தனை என்பதே அன்று சொந்தக்காரர்களின் முதல் கேள்வியாக இருந்தது!

சைதாப்பேட்டை மாதிரியான இடத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துப் பாருங்கள். டிவி இருக்கும் அறையும் பிள்ளை படிக்கும் அறையும் ஒன்றே. பிளஸ் டூ வந்துவிட்டால் பல வீடுகளில் கேபிள் கனெக்‌ஷனைப் பிடுங்கிவிடுவார்கள். அதாவது, பள்ளி மாணவர்களைப் பற்றிய தொடரை அந்த வயதுப் பிள்ளையே பார்க்க முடியாது. கேபிள் தப்பித்த வீட்டில் அம்மாவும் பையனும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தார்கள். திரையில் ஒருவன் காதல் கடிதம் கொடுத்தால் இந்தப் பக்கம் இரண்டு பேருக்கும் சங்கடம். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போவாள், ஆனால் சேனலை மாற்ற மாட்டாள். "உங்க ஸ்கூல்லயும் இப்படித்தானா?" என்று உள்ளே இருந்து கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததுதான் அந்தத் தொடரின் பெரிய சாதனை என்று சொல்ல வேண்டும். நடிப்பில் குறை இருந்தது, இழுவையும் இருந்தது. இருந்தாலும் மாமியார் சதியைப் பார்த்துவிட்டு எந்த அம்மாவும் மகனிடம் எதுவும் கேட்டதில்லையே?

பிறகு கிராமத்துப் பள்ளியை வைத்து கள்ளிக்காட்டுப் பள்ளிக்கூடம், கல்லூரியை வைத்து கல்லூரி சாலை என்று கிளைகள் வந்தன. இன்றைய நடிகர் கவின் அந்தக் கல்லூரி சாலையில் நடித்தவர்தான்.

2022 ஏப்ரலில் அதே பெயரில் புதிய தொடர் ஹாட்ஸ்டாரில் வந்தது. படம் பளிச்சென்று இருந்தது. இந்த முறை பிள்ளைகள் அதைக் கையில் இருக்கும் போனில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தார்கள். அம்மா அதே அறையில் டிவியில் வேறு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.